வாய்க்கால் வெட்டாமல் தண்ணீர் பாயுமா? வண்டி வயரிங்கை ஒயர்லெஸ் ஆக்குவது பற்றி

மன்னார்குடிப் பக்கம் ஆட்டோமொபைல் டிப்ளமோ படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஒரு காருக்குள் கிலோமீட்டர் கணக்கில் வயர் ஓடுகிறதாமே? ஹெட்செட், மவுஸ், கார் சாவி எல்லாம் வயர் இல்லாமல் வேலை செய்யும்போது வண்டிக்குள் மட்டும் ஏன் இவ்வளவு செம்பைச் சுமக்கிறோம்? எல்லாவற்றையும் ஒயர்லெஸ் ஆக்கினால் எடை குறைந்து மைலேஜ் கூடுமா? இதையே கடைசி வருட ப்ராஜெக்ட்டாக எடுக்கலாமா?”

நான் 9 வருடம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வயரிங் ஹார்னஸ் (வண்டிக்குள் ஓடும் வயர்க் கட்டு) கட்டும் தொழிற்சாலையில் இருந்தவன். இப்போது 14 வருடமாகக் கும்பகோணத்தில் ஆட்டோ எலக்ட்ரிக் கடை. வயரைக் கட்டி அனுப்பியும் இருக்கிறேன், எலி கடித்த வயரைத் தேடித் தேடி ஒட்டியும் இருக்கிறேன். வயர் மேல் எனக்குப் பாசமும் உண்டு, கோபமும் உண்டு. அந்த இரண்டும் இந்தப் பதிலில் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டிக்குள் ஓடும் வயர் இரண்டு வேலை செய்கிறது. கரண்டைக் கொண்டுபோகிறது, சேதியைக் கொண்டுபோகிறது. சேதியைக் காற்றில் அனுப்பிவிடலாம். கரண்டை அப்படி அனுப்ப வழியில்லை. எடையோ பெரும்பாலும் கரண்ட் வயரில்தான் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் யோசனை இடறுவது இந்த இடத்தில்தான்.

டெல்டாக்காரருக்கு இதை விளக்குவது சுலபம். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று பிரிகிறது. அங்கிருந்து கிளை ஆறு, ஏ வாய்க்கால், பி வாய்க்கால் என்று இறங்கி உங்கள் வயல் மடைக்கு வருகிறது. எந்த ஷட்டரை எவ்வளவு தூக்குவது என்ற சேதி ஒரு காலத்தில் லஸ்கரின் (ஷட்டரைப் பார்த்துக்கொள்ளும் பாசன ஊழியர்) சைக்கிளில் கரை மேலேயே போனது. இப்போது போனில் போகிறது. சைக்கிள் மிதிக்கும் வேலை மிச்சம். அதற்காகப் போன் வந்துவிட்டதே என்று யாரும் வாய்க்காலைத் தூர்த்துவிடவில்லை. (தூர்த்தவர்களும் இருக்கிறார்கள், அது வேறு வழக்கு.) காரிலும் அப்படித்தான். ‘வைப்பரை ஓட்டு’ என்ற சேதி காற்றில் வரலாம். வைப்பர் மோட்டாருக்கு வேண்டிய ஆம்பியர் செம்பில்தான் வந்தாக வேண்டும்.

போனை ஒரு தட்டின் மேல் வைத்தால் சார்ஜ் ஆகிறதே, அந்த மாதிரிக் கரண்டையும் அனுப்ப முடியாதா என்று அடுத்து கேட்பீர்கள். அந்தத் தட்டு தருவது சுமார் 15 வாட். அதுவும் சில மில்லிமீட்டர் இடைவெளியில், ஒழுங்காகப் பொருத்தி வைத்தால். சாதாரண ஹாலஜன் ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து 110 வாட், அவை பேட்டரியிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கின்றன. செல்ஃப் மோட்டார் சின்னக் காரிலேயே 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், டிராக்டரில் 200-ஐத் தாண்டும். அதைக் காற்றில் அனுப்ப நினைத்தால் வழியில் உள்ள இரும்பெல்லாம் சூடாவதுதான் மிச்சம்.

இனி தராசை எடுப்போம். காரின் வயரிங் மொத்தமும் வண்டியைப் பொறுத்து ஏறக்குறைய 20 கிலோவிலிருந்து 60 கிலோ வரை வரும். 60 என்பது நூறு வசதி வைத்த சொகுசுக் கார். நீளத்தில் ஒன்றரை கிலோமீட்டரிலிருந்து 5 கிலோமீட்டர் வரை. கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் எந்த வயர் எவ்வளவு கனக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். சென்சார்களுக்குப் போகும் மெல்லிய வயர் 0.35 ஸ்கொயர், அதாவது செம்பின் குறுக்குப் பரப்பு 0.35 சதுர மில்லிமீட்டர். செம்பின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 8.96 கிராம். கணக்குப் போட்டால் ஒரு மீட்டர் வயரில் 3 கிராம் செம்புதான். மேல்தோல் சேர்த்தால் நாலரை கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். செல்ஃபுக்குப் போகும் தடித்த கேபிள் 35 ஸ்கொயர் என்றால் ஒரு மீட்டருக்குச் செம்பு மட்டும் 314 கிராம். ஒரு மீட்டர் செல்ஃப் கேபிளும் 100 மீட்டர் சென்சார் வயரும் செம்பு எடையில் ஒன்று.

இப்போது முன்னாலிருந்து பின்னால் ஓடும் 4 மீட்டர் சென்சார் வயர் ஒன்றை எடுத்துவிட்டு ஒயர்லெஸ் ஆக்குகிறீர்கள். மிச்சம் 18 கிராம். அந்த இடத்தில் என்ன வைப்பீர்கள்? ரேடியோ சிப், ஆன்டெனா, பட்டன் செல், தண்ணீர் புகாத ஒரு டப்பா. டயருக்குள் வைக்கிறார்களே காற்றழுத்த சென்சார், அது இதே சமாசாரம்தான். சின்னதாகச் செய்தும் 30 கிராமை ஒட்டி வருகிறது. 18 கிராமை எடுத்துவிட்டு 30 கிராமை வைத்தால் எடை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. ஒன்றிரண்டு சென்சாரில் என்றில்லை, பெரும்பாலான சென்சாரில் இந்தக் கதைதான்.

இன்னொன்றும் பாருங்கள். கேம் சென்சார், த்ராட்டில் சென்சார் மாதிரி பல சென்சாருக்கு மூன்று வயர் போகிறது: சப்ளை, எர்த், சிக்னல். ஒயர்லெஸ் ஆக்கினால் போவது சிக்னல் வயர் ஒன்றுதான். சப்ளையும் எர்த்தும் அப்படியே கிடக்கும். அதையும் எடுக்க வேண்டுமானால் ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரு பேட்டரி. வண்டிக்குள் 60 பட்டன் செல் இருந்தால் எது எப்போது தீரும் என்று கணக்கு வைத்துக்கொள்வது யார்? டிவி ரிமோட்டில் செல் தீர்ந்தால் பின்பக்கம் இரண்டு தட்டுத் தட்டுகிறோம். இன்ஜினோடு ஒட்டியிருக்கும் கிராங்க் சென்சாரை அப்படித் தட்ட முடியாது.

மைலேஜ் கணக்கையும் முடித்துவிடுகிறேன். வண்டியின் எடையை 10 சதவீதம் குறைத்தால் எரிபொருள் சிக்கனம் 6 முதல் 8 சதவீதம் கூடும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. 1,000 கிலோ காரில் 20 கிலோ வயரிங். ஏதோ மந்திரம் செய்து பாதியை எடுத்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். 10 கிலோ என்பது 1 சதவீதம். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 20.12 முதல் 20.16 வரை கொடுக்கும். 37 லிட்டர் டேங்க் நிரப்பினால் கூடுதலாக 5 கிலோமீட்டர். கும்பகோணத்திலிருந்து தாராசுரம் போய்ச் சேரலாம், திரும்பி நடந்துதான் வர வேண்டும். டிக்கியில் கிடக்கும் பழைய ஜாக்கி, யாரோ கொடுத்த அரிசிச் சிப்பம் இரண்டையும் இறக்கி வைத்தால் இதைவிட அதிகம் மிச்சம்.

அப்படியானால் கார் கம்பெனிகள் ஏன் வயரைக் குறைக்கத் தலைகீழாக நிற்கின்றன? லட்சக்கணக்கில் வண்டி விடுகிறவனுக்கு ஒரு வண்டியில் ஒரு கிலோ செம்பு என்பது பெரிய பணம். மின்சார வண்டி வந்த பிறகு ஒவ்வொரு கிலோவும் பேட்டரி தூரத்தில் தெரிகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஹார்னஸ் கட்டுவது இன்னும் கைவேலை. வெளியில் இருக்கிறவர்களுக்கு இது தெரியாது. சாய்வாக நிற்கும் ஒரு பெரிய பலகை, அதில் ஆணி ஆணியாக அடித்திருக்கும், வயரை நிறம் பார்த்து ஒவ்வொன்றாக ஆணிக்கு ஆணி ஓட்டி, டேப் சுற்றி, வயர் முனைகளைச் சேர்க்கும் கப்ளரில் குத்த வேண்டும். திருபுவனத்தில் பட்டு நெசவுக்குத் தெருவில் பாவு ஓட்டுவதைப் பார்த்திருந்தால் அந்த வேலையின் சாயல் தெரியும். ரோபோவுக்கு இந்த வேலை இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை, வயர் வளைந்து நெளிந்து கையை ஏமாற்றும். 2022-இல் உக்ரைனில் போர் மூண்டபோது அங்கிருந்த ஹார்னஸ் தொழிற்சாலைகள் நின்றன. ஜெர்மனியில் ஃபோக்ஸ்வேகனும் பிஎம்டபிள்யூவும் கார் உற்பத்தியை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. இன்ஜின் இருந்தது, பாடி இருந்தது, வயர் இல்லை.

வயரைக் குறைத்த கதை உண்மையில் 1980-களிலேயே தொடங்கிவிட்டது, ரேடியோ இல்லாமலேயே. பழைய முறையில் ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனி வயர். ஒவ்வொரு வயலுக்கும் கல்லணையிலிருந்தே தனி வாய்க்கால் வெட்டிய மாதிரி. அம்பாசடர் காலத்தில் அது தாங்கியது, ஏனென்றால் வயலே பத்துப் பன்னிரண்டுதான். வண்டியில் மின்சார சமாசாரம் பெருகப் பெருகக் கதவுக் கீலுக்குள் வயர்க் கட்டு நுழையாத நிலை வந்தது. பாஷ் கம்பெனி 1983-இல் வேலையைத் தொடங்கி 1986-இல் ‘கேன்’ என்ற முறையை வெளியிட்டது. முறுக்கிய இரண்டே வயர். கன்ட்ரோலர்கள், அதாவது வண்டியின் பாகங்களை இயக்கும் குட்டிக் கணினிகள், எல்லாம் அந்த இரண்டிலேயே பேசிக்கொள்ளும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினால் எந்தச் சேதி முக்கியமோ அது முன்னால் போகும், மற்றது காத்திருந்து பிறகு போகும். 1991-இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் வந்தது. இன்று நம் ஊர் சின்னக் காரிலும் இருக்கிறது.

உங்கள் லேபில் வண்டி இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் சொருகும் சாக்கெட்டில் 6-ஆம் பின்னுக்கும் 14-ஆம் பின்னுக்கும் நடுவே மல்டிமீட்டரை ஓமில் வையுங்கள். பெரும்பாலான கார்களில் 60 காட்டும். லைனின் இரண்டு முனையிலும் 120 ஓம் வைத்திருக்கிறார்கள், இணையாகச் சேர்ந்து 60. 120 காட்டினால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. கடைக்கு வரும் ‘மீட்டரில் எல்லா விளக்கும் எரிகிறது’ கேஸ்களில் பாதியை நான் இந்த ஒரு அளவிலேயே பிடித்திருக்கிறேன்.

அதற்கு அடுத்தபடிதான் இப்போது நடப்பது. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே நீடாமங்கலத்தில் மூணாறு தலைப்பு இருக்கிறதே, வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு பிரியும் இடம், அதை நினைத்துக்கொள்ளுங்கள். அதுவரை ஒரே ஆறு. அங்கே பிரித்து, அந்தந்தப் பகுதிக்கு அங்கங்கே விநியோகம். காரையும் இப்படி நான்கைந்து மண்டலமாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு மூலைக்கும் ஒரு கன்ட்ரோலர். அங்கே வரை தடித்த பவர் வயர் ஒன்று, சேதிக்கு வேகமான லைன் ஒன்று. அந்த மூலையில் உள்ள விளக்கு, மோட்டார், சென்சார் எல்லாம் பக்கத்துக் கன்ட்ரோலரிலிருந்து அரை மீட்டர், ஒரு மீட்டர் வயரில் முடிந்துவிடும். மாடல் எஸ் காரில் சுமார் 3 கிலோமீட்டர் வயர், மாடல் 3-இல் அது ஒன்றரை கிலோமீட்டர் என்று டெஸ்லா சொன்னது நினைவிருக்கலாம். வயர் பாதியானது வாய்க்காலை மாற்றி வெட்டியதால்தான், காற்றில் அனுப்பியதால் இல்லை.

இன்னொரு வழி வோல்டேஜ். பவர் ஸ்டீயரிங் மோட்டார் 600 வாட் இழுக்கிறது என்றால் 12 வோல்ட்டில் 50 ஆம்பியர். அதையே 48 வோல்ட்டில் கொடுத்தால் பன்னிரண்டரை ஆம்பியர். வயர் அந்த அளவுக்கு மெலியலாம். லாரி, பஸ்ஸில் 24 வோல்ட் வைத்திருப்பதும் இதனால்தான். 2000-ஐ ஒட்டிய வருடங்களில் 42 வோல்ட்டுக்கு மாறலாம் என்று கார் உலகம் ஒருமுறை கிளம்பிப் பாதியில் கைவிட்டது, பல்பிலிருந்து ரிலே வரை எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது. 2023 கடைசியில் வந்த டெஸ்லா சைபர்டிரக் 48 வோல்ட்டுக்குப் போய்விட்டது. எடையைக் குறைப்பதில் என் பந்தயம் இந்தக் குதிரை மேல்தான்.

அலுமினியமும் உண்டு. செம்பில் 61 சதவீதம் கடத்துகிறது, எடையோ செம்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே கரண்டுக்கு வயர் கொஞ்சம் தடித்தாலும் எடை பாதிக்குப் பாதி. தடித்த பேட்டரி கேபிளுக்குப் பல கார்களில் வந்துவிட்டது. ஆனால் அலுமினியமும் செம்பு டெர்மினலும் சேரும் இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் அலுமினியம் அரித்துப் பொடியாகும். வேதாரண்யம் உப்பளக் காற்றில் நிற்கும் வண்டிக்கு அந்த ஜாயிண்டை முழுசாக மூடி சீல் வைக்காமல் கொடுத்தால் இரண்டு மழைக்காலம் தாண்டாது.

சரி, ஒயர்லெஸ்ஸே உதவாதா? உதவும். எடையை மறந்துவிட்டு, வயர் போகவே முடியாத இடம் எது என்று தேடினால் அது நன்றாக உதவும்.

முதல் இடம் சுற்றுகிற சக்கரம். சுற்றும் டயருக்குள் வயர் விட்டால் முறுக்கிக்கொள்ளும். அதனால் டயருக்குள் இருக்கும் காற்றழுத்த சென்சாருக்கு ரேடியோதான். அமெரிக்காவில் 315 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 433. காற்றழுத்தம் மெதுவாக மாறுவது. நிமிடத்துக்கு ஒருமுறை சொன்னால் போதும். அதனால் உள்ளே அடைத்து வைத்த சின்ன செல் 7 முதல் 10 வருடம் உழைக்கிறது. தீர்ந்தால் சென்சாரையே மாற்றிவிடுவோம்.

இரண்டாவது இடம் கொஞ்சம் ஆச்சரியமானது: மின்சார காரின் பேட்டரிப் பெட்டிக்குள். நூற்றுக்கணக்கான செல், ஒவ்வொரு தொகுப்பிலும் வோல்டேஜும் சூடும் பார்க்க வயர். 2020 செப்டம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ், அனலாக் டிவைசஸ் கம்பெனியோடு சேர்ந்து இதை ஒயர்லெஸ் ஆக்கியதாக அறிவித்தது, பேட்டரிக்குள் இருக்கும் வயரில் 90 சதவீதம் வரை குறையும் என்றது. முதலில் வந்தது ஹம்மர் மின்சார வண்டியில். இந்த 90 சதவீதத்தை முழு வண்டிக்கும் என்று நினைத்து ஏமாறக்கூடாது, பெட்டிக்குள் ஓடும் வயருக்கு மட்டும். ஆனால் யோசனை அழகானது. ரேடியோவுக்கு வேண்டிய கரண்ட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை, சென்சார் உட்கார்ந்திருப்பதே பேட்டரியின் மேல்! ஆற்றங்கரையில் வீடு இருந்தால் குடம் தூக்க வேண்டாம். பழுதான தொகுப்பைக் கழற்றி மாட்டுவதும் எளிது.

விமானத்திலும் இதே தேடல்தான். ஏர்பஸ் ஏ380-இல் சுமார் 530 கிலோமீட்டர் வயர். 2006-இல் அந்த விமானம் தாமதமானதற்கே முக்கியக் காரணம் வயர். ஹாம்பர்க்கிலும் துலூஸிலும் வடிவமைப்பு மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகளை வைத்திருந்தார்கள், வளைவுகளில் வயர் நீளம் எட்டவில்லை. 2015-இல் உலக ரேடியோ மாநாடு விமானத்துக்குள் சென்சார்கள் பேசிக்கொள்ள 4200 முதல் 4400 மெகாஹெர்ட்ஸ் வரை ஒதுக்கிக் கொடுத்தது. ஒவ்வொரு கிலோவையும் பல வருடம் வானத்தில் சுமக்க வேண்டிய அந்தத் தொழிலிலும், அப்படி முறையாக ஒரு இடம் ஒதுக்கிய பிறகுதான் அடி எடுத்து வைக்கிறார்கள்.

ஏன் இவ்வளவு தயக்கம்? வயருக்கு ஒரு குணம் உண்டு. அறுந்தால் உடனே சொல்லிவிடும். ஏர்பேக் வயரிங்கைப் பார்த்திருப்பீர்கள், மஞ்சள் கப்ளர். பையை வெடிக்கவைக்கும் அந்த சர்க்யூட்டின் எதிர்ப்பு சுமார் 2 ஓம். கன்ட்ரோலர் அதை விடாமல் அளந்துகொண்டே இருக்கிறது. கொஞ்சம் மாறினாலும் மீட்டரில் விளக்கு. ரேடியோ பேசாமல் இருந்தால் அதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம்: செல் தீர்ந்திருக்கலாம், சேறு அப்பியிருக்கலாம், பக்கத்தில் இன்னொருவர் சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கலாம். மோதிய 15, 30 மில்லிசெகண்டுக்குள் பையை விரிக்கலாமா என்று முடிவெடுக்க வேண்டிய கன்ட்ரோலரால் ‘ஹலோ, கேக்குதா?’ என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது. கேன் லைனில் ஒரு சேதி 500 கிலோபிட் வேகத்தில் கால் மில்லிசெகண்டில் போய்விடும், ஒவ்வொரு முறையும்.

பக்கத்தில் இன்னொருவர் பேசுவது என்றேனே, அதைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். ப்ளூடூத், வைஃபை இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸில் நெருக்கியடித்து நிற்கின்றன. 2016 மகாமகத்தன்று கும்பகோணத்தில் போன் பேச முயன்றவர்களைக் கேளுங்கள். அடுத்தது 2028. குளத்தைச் சுற்றி லட்சக்கணக்கான போன், அந்தக் கூட்டத்துக்கு நடுவே பிரேக் சேதியை ரேடியோவில் அனுப்பும் பஸ் ஒன்று வருகிறது என்றால் நான் அதற்கு முன்னால் நிற்க மாட்டேன். ஓட்டுநராக உள்ளேயும் உட்கார மாட்டேன்.

தெரியாமல் நடக்கும் இடைஞ்சல் ஒரு பக்கம், வேண்டுமென்றே செய்வது இன்னொரு பக்கம். 2010-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஓடும் காரின் டயர் சென்சார் சேதியை 40 மீட்டர் தள்ளியிருந்தே கேட்க முடியும் என்று காட்டினார்கள். பொய்ச் சேதி அனுப்பி, காற்று இருக்கும் டயருக்குக் காற்று இல்லை என்று மீட்டரில் விளக்கும் எரியவைத்தார்கள். அடுத்த வருடம் சூரிக்கில் 10 மாடல் கார்களை எடுத்து, வீட்டுக்குள் இருக்கும் சாவியின் சிக்னலை வாசலில் நிற்கும் கார்வரை எட்டவைத்துக் கதவைத் திறந்து வண்டியையும் ஸ்டார்ட் செய்தார்கள். வயரை ஒட்டுக்கேட்க வேண்டுமானால் திருடன் பானெட்டைத் திறக்க வேண்டும். ரேடியோவுக்குத் தெருவில் நின்றால் போதும்.

நம் ஊர் நிலவரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் கடையில் வயரிங் வேலை அதிகம் வருவது தை, மாசியில். சம்பா அறுத்ததும் வயலில் இருந்த எலி கொட்டகைக்கு வரும். அதற்கு முன்பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கடித்துத் தேய்த்தாக வேண்டும். இன்ஜின் சூட்டில் படுத்துக்கொண்டு வயரைக் கடிக்கும். ‘ஒயர்லெஸ் ஆக்கிவிட்டால் எலித் தொல்லை தீருமே அண்ணே’ என்று வாடிக்கையாளர் ஒருவர் கேட்டார். அது சிக்னல் வயர், பவர் வயர் என்று பார்த்தா கடிக்கிறது? அடுத்த தொல்லை களிம்பு. பித்தளைப் பாத்திரத்தில் புளி போட்டுத் தேய்க்கிறோமே, அதே பச்சைக் களிம்பு கப்ளர் பின்னிலும் ஏறும். 2018 நவம்பர் கஜா புயலுக்குப் பிறகு பல மாதம் நான் பார்த்ததெல்லாம் அதுதான். வண்டி வெளியில் பளபளவென்று இருக்கும், கப்ளரைப் பிரித்தால் உள்ளே பச்சை. நான் பார்த்தவரை நடுவில் வயர் கெடுவது குறைவு, கெடுவது ஜாயிண்ட். ஒயர்லெஸ்ஸின் உண்மையான லாபத்தை அதனால் கிராமில் பார்க்காமல், எத்தனை ஜாயிண்ட் குறைகிறது என்று எண்ணிப் பார்க்கச் சொல்வேன்.

அப்படி எண்ணினால் டெல்டாவில் உங்கள் ப்ராஜெக்ட்டுக்கு ஒரு இடம் காத்திருக்கிறது: டிராக்டருக்கும் ட்ரெய்லருக்கும் நடுவே.

என் மச்சான் வலங்கைமான் பக்கம் டிராக்டர் வைத்திருக்கிறார். அறுவடை சமயம் ராத்திரியில் நெல் ஏற்றிக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குப் போவார். ட்ரெய்லருக்குப் பின்விளக்கு எரிந்து நான் பார்த்ததே இல்லை. கொக்கி மாட்டும் இடத்தில் 7 பின் சாக்கெட், அதில் களிம்பு. வயர் ஒவ்வொரு திருப்பத்திலும் இழுபட்டு அறுந்திருக்கும். எரிந்த காலத்திலும் மங்கல். கணக்கு போட்டுப் பார்த்தேன். பிரேக் பல்ப் 21 வாட் இரண்டு, மூன்றரை ஆம்பியர். யாரோ 0.5 ஸ்கொயர் வயரை 10 மீட்டர் இழுத்திருந்தார்கள். அதன் எதிர்ப்பு 0.34 ஓம், வழியிலேயே 1.2 வோல்ட் காலி. பத்து சதவீத வோல்டேஜ் குறைந்தால் பல்ப் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறையும். கடைமடைக்குத் தண்ணீர் வராத கதைதான்.

காந்தத்தில் ஒட்டும் ஒயர்லெஸ் பின்விளக்கு ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தேன். முதல் வாரம் மச்சானுக்குப் பெருமை பிடிபடவில்லை. இரண்டாவது வாரம் சார்ஜ் போட மறந்தார். மூன்றாவது வாரம் ஒன்று ஏதோ ஒரு மதகுக் குலுக்கலில் விழுந்து போனது. இப்போது பழையபடி சிவப்பு ஸ்டிக்கர்.

நீங்கள் செய்ய வேண்டியது அந்த விளக்கின் அடுத்த படி. ட்ரெய்லரிலேயே ஒரு சின்ன பேட்டரி, மேலே சின்ன சோலார் தகடு, எல்இடி விளக்கு. கரண்ட் வயர் ட்ரெய்லருக்குள்ளேயே, நிரந்தரமாக, கழற்றி மாட்டாத மாதிரி. கொக்கியைத் தாண்டுவது சேதி மட்டும். டிராக்டர் வினாடிக்குப் பத்து முறை ‘இருக்கிறேன், பிரேக் இல்லை’ அல்லது ‘பிரேக்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கட்டும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அரை வினாடி எதுவும் கேட்காவிட்டால் ட்ரெய்லர் தானாகவே சிவப்பு விளக்கைப் போட்டுக்கொள்ள வேண்டும். சேதி நின்றால் விளக்கும் நிற்கிறது என்று வைத்தீர்களானால் மார்க் போடாதீர்கள் என்று நானே உங்கள் வாத்தியாரிடம் சொல்வேன். ஒவ்வொரு ட்ரெய்லருக்கும் தனிக் குறியீடு கொடுங்கள். கொள்முதல் நிலைய வாசலில் இருபது வண்டி வரிசையில் நிற்கும், முன்னால் இருப்பவர் பிரேக் மிதித்தால் பின்னால் இருப்பவர் விளக்கு எரியக் கூடாது.

அலைவரிசையை யோசித்து எடுங்கள். தண்ணீர் 2.4 கிகாஹெர்ட்ஸை நன்றாக உறிஞ்சும். டிராக்டருக்கும் பின்விளக்குக்கும் நடுவே இருப்பது 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் என்று திருப்பி அனுப்பப்பட்ட நெல் மூட்டையாக இருக்கலாம். அதற்குக் கீழே உள்ள அலைவரிசை நன்றாகத் தாண்டும், இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்தியில் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம். ஆன்டெனாவை இரும்புப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடாதீர்கள். ரிப்போர்ட்டில் எழுதுவதற்கு வெயிலில் காய்ந்த மூட்டை, நனைந்த மூட்டை, வெறும் ட்ரெய்லர் என்று மூன்று விதமாகவும் எத்தனை சேதி தவறுகிறது என்று எண்ணிப் போடுங்கள். அந்த ஒரு அட்டவணை போதும்.

எடை? 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி மட்டுமே 2 கிலோவுக்கு வரும். நீங்கள் எடுத்தெறியும் வயர் அரை கிலோகூடத் தேறாது. எடை கூடிவிட்டதே என்று மார்க்கைக் குறைக்கிற வாத்தியார் இருந்தால், அறுவடை சமயத்தில் ஒரு ராத்திரி அவரை வலங்கைமான் ரோட்டில் என் மச்சான் ட்ரெய்லருக்குப் பின்னால் பைக்கில் வரச் சொல்லுங்கள்.